மூடுபனியில் பிறந்து மதுரை வெயிலுக்குப் போகும் குட்டிப் புத்தகம்

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் படப் புத்தகங்களைக் கையால் செய்து சுற்றுலா வருபவர்களுக்கு விற்கிறேன். பக்கம் 5 செ.மீ. சதுரம். குறிஞ்சி பூக்கும் 12 ஆண்டுகளை, ஆண்டுக்கு ஒரு பக்கமாக விசிறி மடிப்பில் வரைகிறேன். மதுரைக்கு வாங்கிப்போன ஒருவர், அட்டை வில்லாக வளைந்துவிட்டதாகப் படம் எடுத்து அனுப்பினார். இங்கே மழைக்காலத்திலோ பசை காயாமல் பூசணம் பிடிக்கிறது. மைதாப் பசையை விட்டு ஃபெவிகாலுக்கு மாறியும் பலனில்லை. வேறு மாதிரி பைண்டிங் ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: மைதாப் பசையானாலும் ஃபெவிகாலானாலும் அதில் தண்ணீர் இருக்கிறது. அதுதான் உங்கள் எதிரி. மேலே ஒட்டும் காகிதம் பசையின் ஈரத்தைக் குடித்து விரிகிறது, காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. கொடைக்கானல் பனியில் அது முழுதாகக் காய்வதே இல்லை. மிச்சச் சுருக்கம் மதுரைக்குப் போய்த்தான் நடக்கிறது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் செய்த புத்தகம் 100 மீட்டர் உயரத்து ஊரின் சித்திரை வெயிலில் குடியிருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருமே கீழே இறங்குகிறவர்கள். ஆகவே பசையைக் குறைத்து, நூலையும் மடிப்பையும் நம்பும் கட்டுமானத்துக்குப் போங்கள்.

அதற்கு முன் ஒன்று. காகிதத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தீர்களா? அச்சகத்தில் இதை கிரெயின் என்பார்கள். தாளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு எளிதாக வருகிறதோ, அந்த மடிப்புக்கோட்டின் திசையில்தான் நார் ஓடுகிறது. காகிதம் ஈரத்தில் விரிவது பெரும்பாலும் நாருக்குக் குறுக்கேதான். அட்டை, மேல் காகிதம், உள் காகிதம் மூன்றிலும் நார் புத்தக முதுகோடு சேர்ந்து மேலிருந்து கீழாக ஓட வேண்டும். ஒன்று மாறினாலும் அட்டை முறுக்கிக்கொள்ளும். துண்டுக் காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று திருப்பி வெட்டுவது சின்னப் புத்தகம் செய்கிற எல்லாரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன்.

விசிறி மடிப்பை நீங்கள் விட வேண்டியதில்லை. ஏ2 தாளின் நீளம் 59.4 செ.மீ. அதை 12 பங்காக்கினால் பக்கத்துக்கு 4.95 செ.மீ., ஒட்டுப்போடாமல் ஒரே பட்டை. அந்தத் தாளில் நார் குறுகிய பக்கத்தின் திசையில் ஓட வேண்டும். அளவுகோல் வைத்துப் பதினோரு முறை குறிக்காதீர்கள். ஒவ்வொரு குறியிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் கடைசியில் 5.5 மி.மீ. போய்விடும். முதலில் மூன்றாக மடியுங்கள், பிறகு ஒவ்வொரு பங்கையும் பாதி, மறுபடி பாதி. அட்டைக்கு, பள்ளி நோட்டுக்கு அட்டை போடுவோமே, அதே மாதிரி ஒரு காகித உறை மடித்துப் போடுங்கள். விசிறியின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அந்த உறையின் மடிப்புகளுக்குள் செருகிவிடலாம். சொட்டுப் பசை வேண்டாம். அட்டையும் காகிதமும் அவரவர் விருப்பத்துக்குச் சுருங்கிக்கொள்ளும்.

நீங்கள் கேட்ட 'வேறு மாதிரி'க்கு நான் முதலில் சொல்வது நம் ஓலைச்சுவடிதான். முதுகே இல்லாத கட்டு அது. ஒவ்வொரு ஏடும் தனி. ஒரு துளையில் கயிறு ஓடும், மற்றொரு துளையில் ஒரு கம்பியோ மூங்கில் குச்சியோ செருகியிருக்கும். அதற்கு நாராசம் என்று பெயர். 'காதில் நாராசமாய் விழுந்தது' என்கிறோமே, அந்த நாராசம் காய்ச்சிய இரும்புக் கம்பி. மேலும் கீழும் மரச் சட்டம். கயிறு துளையை விட்டு உருவிவிடாமல் இருக்க அதன் நுனியில் ஓலையைக் கிளிமூக்குப் போலக் கத்தரித்துக் கட்டுவார்கள், பெயரும் கிளிமூக்கேதான்.

இதைக் கெட்டிக் காகிதத்தில் செய்யுங்கள். 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), 7.5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம். அமெரிக்காவின் மினியேச்சர் புக் சொசைட்டி, புத்தகத்தின் உயரம், அகலம், தடிமன் எதுவும் 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இது அதற்குள் அடங்கும், 'மினியேச்சர்' என்றே எழுதி விற்கலாம். இங்கே மடிப்பு இல்லாததால் நார் நீளவாக்கில் ஓடட்டும், ஏடு விறைப்பாக நிற்கும். துளையைக் கயிற்றைவிட 1 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். நாராசத்துக்கு வழவழப்பாகச் சீவிய மூங்கில் குச்சி போதும். ஈரத்தில் விரிந்தாலும் வெயிலில் சுருங்கினாலும் ஓர் ஏடு இன்னொன்றைப் பிடித்து இழுக்காது. 12 ஏடு, 12 ஆண்டு. 2018-இல் பூத்த பூ 2030-இல் வரும்வரை ஏடு புரட்டிக்கொண்டிருக்கலாம்.

பக்கங்கள் அதிகமானால் கோப்திக் தையல். எகிப்தின் பழங்காலக் கிறித்தவர்களிடமிருந்து வந்தது. சங்கிலித் தையல் முதுகில் வெளியே தெரியும், முதுகுக்குப் பசை கிடையாது, புத்தகம் தட்டையாக விரியும். 5 செ.மீ. உயரத்துக்கு மூன்று துளை தாராளம். கவனிக்க வேண்டியது நூலின் பருமன். சில தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த கட்டுக்குப் பாரம் என்று பெயர். ஒவ்வொரு பாரத்தின் மடிப்புக்குள்ளும் ஒரு நூல் போகிறது. அரை மில்லிமீட்டர் நூலில் 10 பாரம் தைத்தால் கணக்குப்படி முதுகு 5 மி.மீ. பருக்கும். அழுந்தியது போக மிஞ்சுவதே புத்தகத்தை ஆப்பு மாதிரி ஆக்கிவிடும். ஆறிழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையைப் பிரித்து, தேன்மெழுகில் இழுத்துத் தையுங்கள். தேன்மெழுகு உங்கள் மலையிலேயே கிடைக்கும். நைலான் வேண்டாம், காகிதத்தை அறுத்துவிடும். தாளும் மெல்லியதாக இருக்கட்டும். புத்தகத்தின் அளவு குறைந்தாலும் தாளின் கனம் குறைவதில்லை. பெரிய புத்தகத்தில் தானாகச் சரியும் 100 ஜிஎஸ்எம் தாள் குட்டிப் புத்தகத்தில் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். 60 அல்லது 70 போதும்.

கொடிப் புத்தகம் (ஃபிளாக் புக்) பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 1979-இல் புத்தகக் கலைஞர் ஹெடி கைல் கண்டுபிடித்தது. விசிறி முதுகில் சின்னச் சின்ன அட்டைகள் எதிரெதிராகப் பறக்கும். இழுத்தால் சலசலவென்று சத்தம் வரும், குழந்தைகள் விடமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கொடியும் பசையில் நிற்பது. தை, மாசியில் செய்யுங்கள், ஐப்பசியில் தொடாதீர்கள்.

நான் ஊட்டிக்காரன். எங்களுக்கு ஜூன், ஜூலையில் கொட்டுவது உங்களுக்கு அக்டோபர், நவம்பரில் கொட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ஒட்டும் வேலை, மழை மாதங்களில் தையலும் மடிப்பும் என்று பிரித்துக்கொள்வது என் பழக்கம். ஒட்டியே ஆக வேண்டுமென்றால், ஃபெவிகாலை மெல்லிய பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். அட்டையின் இரு பக்கமும் ஒரே காகிதத்தை ஒட்டுங்கள், இழுப்பு சரிக்குச் சரியாகிவிடும். அச்சாகாத வெள்ளை நியூஸ்பிரிண்டுக்கு இடையில் வைத்து, துணி சுற்றிய செங்கல்லை மேலே ஏற்றி, முதல் நாள் மூன்று முறை தாளை மாற்றுங்கள். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பூசணத்துக்குப் பயந்து மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் பழைய வழக்கமும் வேண்டாம். அது விஷம், அமிலமும்கூட. நான் முதன்முதலில் செய்த புத்தகங்களில் ஓரமெல்லாம் பச்சை ஏறியது அதனால்தான்.

விற்பதற்கு முன் ஒரு சோதனை. செருப்பு டப்பாக்களில் வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, புத்தகத்தையும் வைத்து மூன்று நாள் இறுக்கி மூடி வையுங்கள். அட்டை வளைந்தால் உள்ளேயே வளையட்டும், பொட்டலம் கட்டுமுன் உங்களுக்குத் தெரிந்துவிடும்.