கோமாளி வேஷத்தையும் பேசுகிற பொம்மையையும் பார்த்தால் பலருக்கு ஏன் உள்ளுக்குள் திக்கென்று இருக்கிறது?

கேள்வியைப் படித்ததுமே பாதிக் கதையை ஊகித்துவிட்டேன். ஏதோ கல்யாண வரவேற்பில் வாசலில் நின்ற மிக்கி மவுஸைப் பார்த்து உங்கள் வீட்டு வாண்டு வீறிட்டு அழுதிருக்கும். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று நாலு சொந்தக்காரர்கள் கேட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இங்கே கேட்டிருக்கிறீர்கள். பயந்தது நீங்களேதான் என்றாலும் பரவாயில்லை, வெளியே சொல்ல மாட்டேன்.

பதில் சொல்ல எனக்கு ஒரே ஒரு தகுதிதான். 2010 முதல் 2012 வரை மதுரையில் கல்யாண மண்டபங்களில் கரடி வேஷம் போட்டவன் நான். மனோதத்துவம் படித்தவன் கிடையாது; பி.காம்., அதுவும் இரண்டு அரியரோடு. ஆகவே டாக்டர்கள் யாரும் கீழே வந்து பாடம் எடுக்க வேண்டாம். கோமாளி வேஷம் போட்டுப் பிழைப்பவர்களை மட்டம் தட்டுகிறேன் என்றும் யாரும் கிளம்ப வேண்டாம். நானே அந்தச் சோறு தின்றவன்.

ஒரு சாயந்தரத்துக்கு 350 ரூபாய். ஆறு மணிக்கு வேஷத்துக்குள் போனால் பத்து மணிக்குத்தான் வெளியே. உடம்பு முழுக்கப் பழுப்பு ஃபர், உள்ளே ஸ்பாஞ்ச். தலை மட்டும் தனி. முந்தின நாள் போட்ட ஆளின் வியர்வையும் அவர் பூசிய தைலமும் அதற்குள்ளேயே குடியிருக்கும். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: கரடிக்கு சாசர் அளவில் இரண்டு பிளாஸ்டிக் கண்கள் இருக்கிறதே, அதன் வழியாக ஒன்றும் தெரியாது. வாயில் கறுப்பு வலைத்துணி தைத்திருப்பார்கள், அது வழியாகத்தான் பார்க்க வேண்டும். நான் குழந்தையைப் பார்த்துக் கையாட்டுவேன். கரடியின் கண்ணோ அந்தக் குழந்தையின் தலைக்கு மேலே சீரியல் லைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். குழந்தை நிமிர்ந்து பார்த்தால், எங்கேயோ பார்க்கிற ஒரு பெரிய மிருகம் தன்னைக் கைநீட்டிக் கூப்பிடுகிறது. ஆரம்பத்தில் உள்ளே நான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு வாரத்தில் அதை விட்டுவிட்டேன்.

ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரை அழுவார்கள். ஏழு எட்டு வயதுப் பையன்கள் பின்னால் வந்து முதுகில் குத்திவிட்டு ஓடுவார்கள். இதுதான் என் ஆராய்ச்சி முடிவு.

ஒரு நாள் பைபாஸ் பக்கம் ஒரு மண்டபம். மூன்று வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, மாம்பழக் கலர் பட்டுப்பாவாடை, கை முழுக்கப் பஞ்சுமிட்டாய் பிசுக்கு. மற்ற பிள்ளைகள் போல இது அழவில்லை. தானாகவே வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தது. எனக்கும் சந்தோஷம், முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவள் முகமும் கரடியின் வாயும் நேருக்கு நேர். வலைத்துணியில் மூக்கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அங்கே என் இரண்டு கண்கள். நான் சும்மா இருந்திருக்கலாம், கண்ணடித்துத் தொலைத்தேன்.

அடுத்து வந்த அலறலில் பன்னீர்ச் செம்பு வைத்திருந்த அம்மாவே ஒரு அடி பின்னால் போனார். அப்பாக்காரர் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "என்னய்யா பண்ணுன புள்ளைய?" என்றார். அந்தக் கேள்வியும் அவர் பார்த்த பார்வையும் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. நீங்கள் கேள்வி கேட்டதும் ஓடிவந்து பதில் எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

பத்து நிமிடம் கழித்து மண்டபத்துக்குப் பின்னால், அண்டா கழுவுகிற இடத்தில் தலையைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தையைக் கை கழுவ அப்பத்தா அங்கே தூக்கி வந்தார். தரையில் கிடந்த கரடித் தலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கழுத்துவரை நான் இன்னும் கரடிதான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "மாமா, உங்கள அது முழுங்கிருச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. வாய்க்குள் ஒரு ஆளின் கண் தெரிந்தால் வேறு என்னவென்று நினைப்பாள்? தலையை எடுத்து மாட்டிக் காட்டினேன், கழற்றிக் காட்டினேன். மறுபடி மாட்டச் சொன்னாள். நாலாவது தடவை சிரித்தாள். தன் கையை உள்ளே விட்டு வலைத்துணி வழியாக விரலை நீட்டி அப்பத்தாவைப் பயமுறுத்தினாள். விருந்தாளிகள் கண்ணில் படும்படி தலையைக் கழற்றக் கூடாது என்பது காண்ட்ராக்டரின் சட்டம். பார்த்துவிட்டார். அன்றைய கூலியில் 100 ரூபாய் பிடித்தம்.

இதையெல்லாம் பிறகு படித்துப் பார்த்தபோது என் கரடி அனுபவத்துக்கும் பெரிய படிப்பு படித்தவர்கள் சொல்வதற்கும் அதிக தூரம் இல்லை. அமெரிக்காவில் எட்வர்ட் டிரானிக் என்பவர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, சட்டென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரிரு நிமிடம்தான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையைக் காலை ஆட்டும், சத்தம் கொடுக்கும். எதற்கும் அம்மா முகம் அசையவில்லை என்றதும் திணறிப்போய்த் திரும்பிக்கொள்ளும், சில அழும். சொந்த அம்மாவின் முகத்துக்கே இந்தக் கதி என்றால், நாள் முழுக்க ஒரே சிரிப்பை ஒட்டிவைத்திருக்கிற கரடிக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

கோமாளி விஷயமும் இதேதான். இங்கிலாந்தில் சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் (வேல்ஸ் இங்கிலாந்து இல்லை என்று திருத்த வருபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி) 64 நாடுகளைச் சேர்ந்த 987 பேரிடம் கேட்டார்கள். பாதிக்கு மேல், கொஞ்சமாவது பயம் உண்டு என்றார்கள். ஏன் என்று துருவியதில் முன்னால் வந்த காரணம், சாயத்துக்குப் பின்னால் அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை என்பது. வாய் சிரிக்கிற மாதிரி வரைந்திருக்கிறது, ஆனால் அது அவருடைய சிரிப்பா? கோபமாக இருந்தாலும் அதே சிரிப்பு, தலைவலி என்றாலும் அதே சிரிப்பு.

எல்லாம் சினிமா செய்த வேலை என்று சொல்பவர்கள் வருவீர்கள். ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். ஜான் வெய்ன் கேசி என்ற அமெரிக்கன் கோமாளி வேஷத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டியவன். 33 பேரைக் கொன்றவன். 1978ல் பிடிபட்டான். அதற்குப் பிறகு கதைகளிலும் படங்களிலும் கொலைகாரக் கோமாளி வந்துகொண்டே இருக்கிறான். 2016ல் அங்கே ஊர் ஊராகக் கோமாளி வேஷத்தில் யாரோ சுற்றுகிறார்கள் என்று பீதி கிளம்பி, மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர்களே தங்கள் கோமாளியைக் கொஞ்ச நாள் வெளியே அனுப்பாமல் குறைத்துக்கொண்டார்கள். சரி. ஆனால் பட்டுப்பாவாடை கட்டிய அந்த மூன்று வயதுப் பிள்ளை எந்தப் படத்தைப் பார்த்தது?

இப்போது பேசும் பொம்மை. இதில் பயந்தவன் நான்.

மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற மோட்டார் பொம்மை பார்த்திருப்பீர்கள். ஆள் உயரம், பட்டுச்சேலை, சவுரி முடி, கை மேலே போய்க் கீழே வரும். எங்கள் காண்ட்ராக்டர் அதன் வயிற்றில் ஒரு ஸ்பீக்கர் வைத்து, "வாங்க, வாங்க, வணக்கம்" என்று ஒரு பெண்குரலைப் பதிந்து வைத்திருந்தார். உதடு அசையாது, குரல் வயிற்றிலிருந்து வரும். கூட்டம் இருக்கும்போது ஒன்றுமே தோன்றாது. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், எல்லோரும் போனபிறகு, வண்டிக்காகப் பொம்மை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டிருந்தது. வோல்டேஜ் இறங்கியது. கை பாதி வேகத்தில் மேலே எழுந்தது. "வா...ங்...க" என்று குரல் இழுத்து, பெண்குரல் ஆண்குரலாகி, அடித்தொண்டைக்கு இறங்கியது. பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றால் அதன் சேலைக்குப் பின்னால் கைவிட வேண்டும். நான் விடவில்லை. ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். வேஷத்தோடுதான். ரோட்டில் என்னைப் பார்த்து ஒரு நாய் ஓடியது, அது வேறு கதை.

மசாஹிரோ மோரி என்று ஒரு ஜப்பானியப் பேராசிரியர், ரோபோ ஆராய்ச்சியாளர். பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், ஏறக்குறைய மனிதன் என்கிற இடம் வரும்போது சட்டென்று அருவருப்பாகிவிடும் என்று 1970லேயே எழுதினார். அந்தப் பள்ளத்துக்கு 'அமானுஷ்யப் பள்ளத்தாக்கு' என்று நம் ஆட்கள் தமிழில் சொல்கிறார்கள். அசல் போலவே இருக்கும் செயற்கைக் கையோடு கைகுலுக்கினால், எலும்பில்லாமல் சில்லென்று இருக்கும்போது வருகிற திடுக்கிடலை உதாரணம் காட்டுகிறார். அசைவு சேர்ந்தால் இன்னும் மோசம் என்கிறார். அந்த வருடம் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் முகத்தில் 29 ஜோடி செயற்கைத் தசைகள் வைத்த ஒரு ரோபோ இருந்ததாம், சிரிக்கவைப்பதற்காக. அந்தச் சிரிப்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சந்தோஷமான முகம் விகாரமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது மேலே எழும்பிய அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது. டிவியில் ஓடுகிற எலியையும் பூனையையும் பார்த்து எந்தப் பிள்ளையும் பயப்படுவதில்லை, அவை மனிதனாக நடிக்கவே இல்லை. சேலை கட்டி ஆள் உயரத்தில் நின்று வயிற்றால் பேசினால்தான் வம்பு.

எங்களுக்கு மேலூர் பக்கம். ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால் ஆர்மோனியக்காரர் முடித்ததும் முதலில் வருவது பபூன்தான். அவரும் கோமாளிதான், கோணங்கித்தனம்தான் பிழைப்பு. முன்வரிசையில் பாயில் படுத்திருக்கும் பிள்ளைகள் ஒன்றுகூட அழுது நான் பார்த்ததில்லை. பவுடருக்கு நடுவே முகம் முழுசாகத் தெரியும். "ஏப்பா, மைக் செட்டு, இன்னைக்காவது ஒழுங்கா வைப்பியா?" என்று வந்ததும் பேச ஆரம்பித்துவிடுவார். அவருக்குக் கோபம் வந்தால் கோபம் தெரியும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டுக்குப் போகிற கோமாளிகளும் பெரும்பாலும் ஒரு சிவப்பு மூக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; முழு வெள்ளைச் சாயம் அடிப்பதில்லை.

ஆனால் பெற்றோர்களைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "சாப்பிடலேன்னா கரடிகிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்" என்று பந்தியில் மிரட்டுவதும் நீங்கள்தான். பத்து நிமிடம் கழித்து, "கரடி மாமாக்கு ஹாய் சொல்லு, போட்டோ எடுக்கணும்" என்று என் மடியில் திணிப்பதும் நீங்கள்தான். பிள்ளை எதை நம்பும்? அழ அழப் பிடித்துவைத்து, "பயம் தெளியட்டும்" என்று மறுபடி மறுபடி கொண்டுவருவீர்கள். சுற்றி நின்று நாலு பேர் வீடியோ எடுப்பீர்கள், சிரிப்பீர்கள். அந்தக் குழந்தையின் நெஞ்சு அடித்துக்கொள்வது ஸ்பாஞ்சைத் தாண்டி எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

பந்தி என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வேஷக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இலைக்கணக்கு கொடுத்திருப்பார்கள். ஆனால் எங்களைக் கடைசிப் பந்திக்குத்தான் விடுவார்கள். அதிலும் உட்கார்ந்தால், நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நாம் எப்போது மோர் ஊற்றிக்கொள்வோம் என்று எண்ணிக்கொண்டு நிற்பார். கழுத்தில் அவர் மூச்சுக்காற்று படும். இரண்டு வருடத்தில் பாயசத்தைச் சூடாகக் குடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மனிதர்கள் பயமுறுத்துவதில்லை என்று யார் சொன்னது?

உங்கள் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயப்படுத்தாதீர்கள், தூக்கிக்கொண்டு தள்ளி நில்லுங்கள், அது பார்க்கட்டும். முடிந்தால் வரவேற்பு முடிந்தபிறகு பின்பக்கம் கூட்டிப்போய், தலையைக் கழற்றச் சொல்லி அந்தப் பையனை ஒருமுறை காட்டுங்கள். கூடவே அவன் காண்ட்ராக்டரிடம் போய், "நாங்கதான் கழட்டச் சொன்னோம், கூலியில பிடிச்சிராதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எனக்காக அன்று யாரும் சொல்லவில்லை. அந்த 100 போக, கடைசி மூன்று கல்யாணத்துக்கான 1,050 ரூபாயும் இன்னும் வரவில்லை.