வீட்டு சர்வரில் சேவைகளை நேரடியாக நிறுவுவதா, டாக்கரா, பிராக்ஸ்மாக்ஸா?

8 ஜிபி ரேம் கொண்ட பழைய மினி பிசி ஒன்றில் நெக்ஸ்ட்கிளவுட் (சொந்தக் கோப்புச் சேமிப்பு), ஜெல்லிஃபின் (படங்கள், பாடல்களுக்கு), பை-ஹோல் (வீடு முழுவதற்கும் விளம்பரத் தடுப்பு) ஆகிய மூன்றையும் ஓட்ட எந்த வழி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். டெபியன் என்ற லினக்ஸை நிறுவி, அதன்மேல் டாக்கர் கம்போஸைப் பயன்படுத்துங்கள் என்பதே என் பதில். டாக்கர் ஒவ்வொரு சேவையையும் அதற்குத் தேவையானவற்றோடு 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும்; எந்தச் சேவையை எப்படி ஓட்டுவது என்று ஒரு கோப்பில் எழுதி வைப்பதற்குத்தான் கம்போஸ்.

ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸை நானும் ஓராண்டு வைத்திருந்தேன். வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் போல முழு இயங்குதளமாகவே வரும் ஒன்றைத் தனியாக ஓட்ட வேண்டியவர்களுக்கு அது அருமையான கருவி. ஆனால் 8 ஜிபியை மெய்நிகர் கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த பிறகு எதற்கும் போதுமான நினைவகம் மிஞ்சுவதில்லை. நேரடியாக நிறுவினால், டெபியன் பதிப்பு மாறும்போது பிஎச்பி மொழியின் பதிப்பும் மாறி, அதில் எழுதப்பட்ட நெக்ஸ்ட்கிளவுட் முரண்டு பிடிக்கக்கூடும்.

கம்போஸை நான் விரும்புவதற்குக் காரணம், பழுதான கணினியிலிருந்து மீள்வது எளிது என்பதுதான். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு மழைக்கால இரவில் மின்சாரம் நான்கைந்து முறை போய்ப் போய் வந்ததில் எஸ்எஸ்டி செயலிழந்துவிட்டது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கோப்புறை, அதற்குள்ளேயே கம்போஸ் கோப்பும் தரவும் என்று வைத்திருந்ததால், மறுநாள் ரிச்சி தெருவில் புதிய எஸ்எஸ்டி வாங்கி, டெபியனை நிறுவி, பேக்கப்பிலிருந்து கோப்புறைகளை நகலெடுத்து, அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் ஓட வைத்துவிட்டேன். தரவுத்தளத்தை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பாக நகலெடுத்தால் நம்ப முடியாது என்பதால், இரவுதோறும் பிஜி_டம்ப் என்ற கருவியால் அதன் முழு நகலை (டம்ப்) எடுத்து வைக்கிறேன்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் இமேஜுக்கு (கன்டெய்னரை உருவாக்கும் மூலத் தொகுப்புக்கு) பதிப்பு எண் தராமல் 'லேட்டஸ்ட்' என்று எழுதியிருந்தேன். ஒரு நாள் புதுப்பித்ததும் கன்டெய்னர் எழுவதும் விழுவதுமாக இருந்தது. லாகைப் பார்த்தால், தரவுக் கோப்புறை 15ஆம் பதிப்பால் உருவாக்கப்பட்டது, 16ஆம் பதிப்புடன் பொருந்தாது என்று ஒரே வரி. மீண்டும் 15க்கு மாற்றி, டம்ப் எடுத்து, 16இல் ஏற்றி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது. பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள்.

பாதுகாப்புக்கு ஓர் எச்சரிக்கை: டாக்கர் திறக்கும் போர்ட்டுகளை (சேவையை அணுகும் வாசல்களை) யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் தடுக்காது. டாக்கர் தன் விதிகளைத் தானே லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் என்ற வடிகட்டும் விதிப்பட்டியலில் எழுதிக்கொள்ளும். வெளியே தெரியக்கூடாத போர்ட்டுகளை அந்தக் கணினிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 முகவரியுடன் கட்டுங்கள். வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறையை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் போதும். இணைய நிறுவனம் உங்களுக்குத் தனிப் பொது ஐபி தராவிட்டாலும் அது வேலை செய்யும்.

பை-ஹோலை மட்டும் இந்தப் பெட்டியில் வைக்காமல் பழைய ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தருவது (டிஎன்எஸ்) அதுதான் என்பதால், இதே பெட்டியில் இருந்தால் நீங்கள் சர்வரை மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும், நெட் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.