பேராசிரியை பிரதமரானால்?

கேள்வி: துருக்கியில் பொருளாதாரப் பேராசிரியை தான்சு சில்லர் பிரதமராகவே ஆனார். இப்படிப் படித்த பெண்கள் அரசியலுக்கு வந்தால் நாடு தானாக உருப்படும்தானே?

பதில்: உருப்பட்டதா என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் டாக்டர் பட்டம், இஸ்தான்புல்லில் பேராசிரியர் வேலை எல்லாம் இருந்தவர்தான் சில்லர். 1993 ஜூனில் பிரதமரானார். வட்டியைக் குறைத்தே தீருவேன் என்று அரசுக் கடன் பத்திர ஏலங்களை ரத்து செய்யப்போய், 1994இல் துருக்கி நாணயமான லிரா படுத்துவிட்டது, பணவீக்கம் 100 சதவீதத்தைத் தாண்டியது. வேறு யாரோ செய்திருந்தால் வகுப்பில் அவரே முட்டை மார்க் போட்டிருப்பார்! லெய்லா சானா முதலிய குர்து சிறுபான்மை இன எம்.பி.க்கள் சிறைக்குப் போனதும் அவர் ஆட்சியில்தான்.

படித்தவர் என்றால் ஏன் சில்லரோடு நின்றுவிடுகிறீர்கள்? பெஹிஜே போரான் என்று ஒரு சமூகவியலாளர் இருந்தார். மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கி 1939இல் அங்காராவுக்குத் திரும்பி, மேற்குத் துருக்கியில் மனிசா நகரத்துப் பக்கத்துச் சமவெளிக் கிராமங்களையும் மலைக் கிராமங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர். இடதுசாரி என்பதால் 1948இல் அவரையும் இன்னும் இரண்டு பேராசிரியர்களையும் வெளியேற்றினார்கள். எப்படித் தெரியுமா? அவர்களுடைய பதவிகளுக்கான நிதியையே நாடாளுமன்றம் பட்ஜெட்டிலிருந்து வெட்டியது. 1950இல் கொரியப் போருக்குப் படை அனுப்பாதே என்று துண்டறிக்கை கொடுத்ததற்கு 15 மாதச் சிறைத் தண்டனை.

அப்புறம் 1965இல் துருக்கித் தொழிலாளர் கட்சி சார்பில் ஊர்ஃபா எம்.பி., 1970இல் அந்தக் கட்சியின் தலைவர். அந்த நாட்டில் ஒரு கட்சிக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர்தான், சில்லர் அல்ல. 1971 ராணுவத் தலையீட்டுக்குப் பிறகு 15 வருடத் தண்டனை, 1974இல் பொதுமன்னிப்பு. வெளியே வந்து மறுவருடமே கட்சியைத் திரும்பத் தொடங்கினார். 1980இல் மறுபடி ராணுவம் வந்ததும் ஐரோப்பாவில் அகதி வாழ்க்கை.

பட்டம் இரண்டு பேரிடமும் இருந்தது. அதிகாரத்துக்குப் பிடித்ததைப் பேசுகிறவருக்கு நாற்காலி, பிடிக்காததைப் பேசுகிறவருக்குக் கம்பி. 'படித்தவர் வரட்டும்' என்கிறவர்கள் பெரும்பாலும் முதல் ரகத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள், நீங்களும் உட்பட.

1987இல் போரான் பிரஸ்ஸல்ஸில் இறந்தார். அதற்கு முன்பே ராணுவ அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்திருந்தது. ஆனாலும் முன்னாள் எம்.பி. என்ற முறையில் அங்காரா நாடாளுமன்றத்தில் உடலுக்கு மரியாதை நடந்தது. அதைப் பறிக்க மறந்துவிட்டார்கள் போல.