பழைய பேரலில் புகையடுப்பு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சேலத்தில் முப்பது ஆண்டுகள் வெல்டிங் பட்டறை நடத்திவிட்டு, இப்போது ஏற்காடு அடிவாரத்தில் குடியிருக்கிறேன். இதுவரை ஐந்து புகையடுப்புகளைப் பழைய இரும்பிலேயே செய்திருக்கிறேன். அவற்றில் இரண்டு உருப்படவில்லை. இளைஞர்கள் ஸ்மோக்கர் என்று சொல்லும் இந்த அடுப்பு, கறியைத் தணலின் மேல் நேராகச் சுடாமல், 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரையான மிதமான சூட்டிலும் புகையிலும் பல மணி நேரம் வேகவைப்பது. இதைச் செய்யத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, என் அனுபவத்தில் கண்ட அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் 200 லிட்டர் பேரல் பார்த்து வைத்திருக்கிறேன் ஐயா. துரு அதிகம் இல்லை, தகடும் கனமாக இருக்கிறது. வாங்கலாமா?

துருவையும் கனத்தையும் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பேரலின் பூர்வீகத்தை விசாரியுங்கள். துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். உள்ளே இருந்த சரக்கை எடுக்க முடியாது. நம் ஊரில் பழைய கடைக்கு வரும் பேரல்களில் சாய ரசாயனம், தின்னர், பூச்சிமருந்து, இயந்திர எண்ணெய் என்று எல்லாம் இருந்திருக்கும். அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் மடிப்புக்குள் இவை புகுந்துகொண்டால், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. உருப்படாத இரண்டு அடுப்புகளில் முதலாவது இப்படிப் போனதுதான். "எண்ணெய் பேரல்தான்" என்று கடைக்காரர் சொன்னதைச் சமையல் எண்ணெய் என்று நானாகப் பொருள்கொண்டு வாங்கி, இரண்டு முறை எரித்துக் கழுவிய பிறகும், சூடேறியவுடன் கீழ் மடிப்பிலிருந்து தார்போன்ற நாற்றம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு கோழியை வீணாக்கிய பிறகு அதைத் தோட்டத்துக் குப்பை எரிக்க ஒதுக்கிவிட்டேன்.

நான் பரிந்துரைப்பது மாம்பழக் கூழ் வந்த பேரலை. கிருஷ்ணகிரி வட்டாரத்து ஆலைகள் கூழைக் கிருமி நீக்கிய பையில் நிரப்பி, அந்தப் பையை இரும்புப் பேரலுக்குள் வைத்து அனுப்புவதால், கூழ் தகட்டைத் தொடுவதே இல்லை. வாய் முழுதும் திறந்து, வளையம் போட்டு இறுக்கும் மூடியுடன் வருவதால் வெட்டும் வேலையும் மிச்சம். கொஞ்சம் விலை கூடுதலாகத்தான் சொல்வார்கள். பேரம் பேசுங்கள், ஆனால் அந்த வித்தியாசத்துக்காகப் பூர்வீகம் தெரியாத பேரலுக்கு மாறிவிடாதீர்கள்.

கேள்வி: நான் வாங்கிய பேரலின் உட்புறம் பொன்னிறத்தில் வார்னிஷ் பூசியதுபோல் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. அது தகடு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பிசின் பூச்சு. அடுப்பாகச் சூடேறும்போது கருகி ஆவியாகும். பேரலை வெட்டவெளியில் வைத்து, காய்ந்த விறகைத் திணித்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கொழுந்துவிட்டு எரியவிடுங்கள். அந்தப் புகை நல்லதல்ல. காற்று வீசும் பக்கம் வீடு இருக்கக் கூடாது, நீங்களும் தள்ளி நில்லுங்கள். ஆறிய பிறகு கம்பிப் பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உட்புறம் முழுவதும் மெலிதாகச் சமையல் எண்ணெய் தடவி ஒருமுறை வெறுமனே சூடேற்றுங்கள். இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும் அதே முறைதான்.

மேல்தகடு மூடிய, இரண்டு திருகு மூடிகள் மட்டும் உள்ள பேரல் கிடைத்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உள்ளே எரியும் ஆவி சிறிதளவு மிஞ்சியிருந்தாலும், கட்டிங் வீலின் பொறி பட்டவுடன் பேரல் வெடித்துவிடும். காலி பேரல்தானே என்று நினைப்பவர்களே இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பூர்வீகம் தெரியாத மூடிய பேரலை வெட்ட என் பட்டறையில் நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

கேள்வி: துளைகள், உயரங்கள் எல்லாவற்றுக்கும் அளவு சொல்ல முடியுமா?

இந்தப் பேரல்கள் ஏறத்தாழ 57 செ.மீ. விட்டமும் 88 செ.மீ. உயரமும் கொண்டவை. அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், சம இடைவெளியில், 20 மி.மீ. விட்டத்தில் நான்கு துளைகள் போடுங்கள்; காற்று உள்ளே வரும் வழி இவைதான். மூடியில் 50 மி.மீ. விட்டத்தில் ஒரே ஒரு துளை போதும். நான்கு துளைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,250 சதுர மி.மீ.; மேல்துளையின் பரப்பு 1,960. வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிடப் பெரிதாக இருந்தால்தான் புகை தேங்காமல் ஓடும். மேல்துளையை எப்போதும் முழுதாகத் திறந்து வைத்து, சூட்டைக் கீழ்த்துளைகளால் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். மேலே அடைத்துச் சூட்டைக் குறைக்கப் பார்ப்பவரின் கறி கசக்கும்.

கரிக்கூடை அடித்தகட்டிலிருந்து 7 செ.மீ. உயரத்தில், மூன்று செங்குத்துப் போல்ட்டின் மேல் நிற்கட்டும்; சாம்பல் விழ இடம் வேண்டும். கறி வைக்கும் சல்லடை, பேரலின் விளிம்பிலிருந்து 17 செ.மீ. கீழே, நான்கு எவர்சில்வர் போல்ட்டின் மேல் உட்காரட்டும். அப்போது கூடையின் அடிக்கும் சல்லடைக்கும் இடையே 60 செ.மீ.க்குச் சற்று மேலே இடைவெளி கிடைக்கும். கொழுப்பு சொட்டினாலும் தீ எழும்பிக் கறியை நக்காது. இவ்வளவுக்கும் வெல்டிங் தேவையில்லை என்பதை ஒரு வெல்டராகச் சற்று வருத்தத்துடன்தான் சொல்கிறேன்.

உருப்படாத என் இரண்டாவது அடுப்பு துளை அளவில் கெட்டது. காற்று தாராளமாக வரட்டும் என்று கீழே 50 மி.மீ. துளை இரண்டு போட்டேன். அரை மணி நேரத்தில் சூடு 250 டிகிரியைத் தாண்டியது. பன்றித் தோள்கறி வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் வந்தது.

கேள்வி: கரிக்கூடைக்குப் பழைய சலவை இயந்திரத்தின் உள் உருளையைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தின் உருளை எவர்சில்வரில், துளைகளோடு தயாராகவே இருக்கிறது. 25 செ.மீ. உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பின்புறம் இருக்கும் முக்கவைத் தாங்கி பெரும்பாலும் அலுமினியம். 660 டிகிரியில் உருகிவிடும் என்பதால் அதைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: சல்லடைக்கு ஜி.ஐ. கம்பிவலை வைக்கலாமா? வீட்டில் பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டுகளும் இருக்கின்றன.

இரண்டுமே வேண்டாம். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. அது 420 டிகிரியில் உருகத் தொடங்கும், தணலில் நேரடியாகப் பட்டால் புகையும். ஒருமுறை மழைக்குப் பயந்து பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்து, அன்று இரவெல்லாம் குளிர்காய்ச்சலில் நடுங்கினேன். மறுநாள் சரியாகிவிட்டது என்றாலும் அந்த இரவை மறக்கவில்லை. பழைய ஃபிரிட்ஜ் தட்டுகளில் சிலவற்றுக்குக் காட்மியம் பூசியிருப்பார்கள். அது துத்தநாகத்தைவிடக் கொடியது.

304 ரக எவர்சில்வர் கம்பியை 6 மி.மீ. கனத்தில் வாங்கிச் சல்லடை செய்யச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று நம் ஊரில் அடித்துச் சொல்வார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். காற்று வரும் கீழ்த்துளையில் வெளிப்புறமாகப் பொருத்தும் குழாய் சூடேறுவதில்லை. அங்கே மட்டும் ஜி.ஐ. குழாயும், பிடியைத் திருப்பித் திறந்து மூடும் பித்தளை பால் வால்வும் (ball valve) இருக்கலாம்.

கேள்வி: சூடு நிற்பதற்காக உள்ளே செங்கல் அடுக்க நினைக்கிறேன். உலைகளில் இருந்து எடுத்த பழைய மேக்னசைட் செங்கல் மலிவாகக் கிடைக்கிறது. மேக்னசைட் கனிமத்துக்குப் பெயர்போன சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டு மண்ணில் பிறந்த நமக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஊர்ப்பற்று எனக்கும் உண்டு; ஆனாலும் இந்தச் செங்கல் இந்த வேலைக்கு ஆகாது. மேக்னசைட் செங்கல் எஃகு உருக்கும் உலையின் கடும் சூட்டுக்கும் கசடுக்கும் ஈடுகொடுக்கப் பிறந்தது. அது வெப்பத்தை வேகமாகக் கடத்தும், ஈரத்தை இழுத்துப் பொரிந்து உதிரும், திடீரென்று சூடேறினால் வெடித்துச் சில்லாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, இவற்றில் ஒரு வகை குரோமியம் கலந்தது. உலையில் வெந்த பிறகு அதில் புற்றுநோய் உண்டாக்கும் வடிவில் குரோமியம் தங்கியிருக்கக்கூடும். கண்ணால் பார்த்து எது எந்த வகை என்று பிரிக்க முடியாது. செங்கல் வேண்டும் என்றே நினைத்தால் புதிய தீக்களிமண் செங்கல் வாங்குங்கள். என்னைக் கேட்டால், பேரல் அடுப்புக்குச் செங்கலே தேவையில்லை.

கேள்வி: பழைய கேஸ் சிலிண்டரை வெட்டிச் செய்வதைக் காணொளிகளில் பார்த்தேன்.

வீட்டு எரிவாயு சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, உங்களுடையது அல்ல. வெட்டினால் வெடிக்கவும் கூடும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது ஐயா. கவாத்து செய்த காப்பிக் கட்டைகள் குவிந்து கிடக்கின்றன. புகைக்கு ஆகுமா? வேறு எந்த மரங்கள் ஆகும்?

நீங்கள் கொடுத்துவைத்தவர், அம்மா. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தபோது இப்படி ஒரு பயனும் உண்டு என்று எண்ணியிருக்க மாட்டார். காப்பிக் கட்டை அடர்த்தியானது, மெதுவாக எரிவது, புகையும் மென்மையானது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்டுத் துளைப்பான் என்னும் பூச்சிக்காக மருந்து பூசுவது முதன்மைத் தண்டிலும் அதிலிருந்து பிரியும் தடித்த கிளைகளிலும்தான். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றக் கிளைகளை மட்டும் எடுத்து, பட்டையை உரித்து, மழை படாத இடத்தில் ஆறு மாதமாவது காயவையுங்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை நான் பயன்படுத்துவதில்லை. சீக்கிரம் எரிந்துவிடும், மணமும் இல்லை, தூள் பட்டால் சிலருக்கு அரிக்கும்.

சமவெளியில் இருப்பவர்களுக்குக் கொய்யா, மா, புளி ஆகிய மூன்றும் நல்லவை. கரிக்குச் சீமைக்கருவேலம் இருக்கிறது. ராமநாதபுரம், விருதுநகர் பக்கங்களில் மூட்டம் போட்டு எடுத்து வரும் அந்தக் கரியை நாம் மட்டமாக நினைக்கிறோம். அமெரிக்காவின் டெக்சாஸில் கறிக்குப் புகைபோடப் பெயர்பெற்ற மெஸ்கிட் மரம் இதே இனத்தின் பங்காளிதான். தைலமரம், வேம்பு, பலகைத் துண்டுகள், பிளைவுட், பெயின்ட் அடித்த மரம் எதுவும் வேண்டாம். அரளியைத் தொடவே கூடாது. அதன் புகையும் நஞ்சு.

கட்டையைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை நல்ல புகை வராது, அவ்வளவுதான் அதன் பலன்.

கேள்வி: அடிவாரத்தில் நன்றாக எரிந்த அடுப்பை மேலே கொண்டுபோனால் சூடு ஏற மறுக்கிறது. பனியும் குளிருமா காரணம்?

குளிரும் ஒரு காரணம், காற்று அதைவிடப் பெரிய காரணம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் உயிர்வாயு கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அடிவாரத்தில் இரண்டு கீழ்த்துளைகள் திறந்தால் கிடைத்த சூட்டுக்கு மலை மேல் இரண்டரை, மூன்று கீழ்த்துளைகள் திறக்க வேண்டியிருக்கும். தண்ணீரும் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சல்லடைக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வைப்பவர்களுக்கு அது இன்னும் அதிகச் சூட்டை உறிஞ்சும் என்பதால், மலை மேல் நான் தண்ணீர்த் தட்டு வைப்பதில்லை.

கேள்வி: எவ்வளவு கவனமாக இருந்தாலும் கறி கசக்கிறது.

புகையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் திரண்டு வந்தால் கட்டை சரியாக எரியாமல் புழுங்குகிறது. அந்தப் புகையில் உள்ள தார்தான் கறியில் படிந்து கசக்கிறது. கூடை நிறையத் தீ மூட்டாத கரியைக் கொட்டி, நடுவே ஒரு குழி செய்து, நன்றாகக் கனன்ற பதினைந்து இருபது துண்டுகளை மட்டும் அதில் வையுங்கள். தணல் மெல்லப் பரவும். கைப்பிடி அளவுள்ள கட்டை மூன்று நான்கு போதும். புகை மெல்லிய நீல நிறத்துக்கு மாறும்வரை கறியை உள்ளே வைக்காதீர்கள். எனக்கு இதற்கு நாற்பது நிமிடம் பிடிக்கிறது.

கேள்வி: கறி வெந்ததை எப்படி அறிவது? ஐந்து மணி நேரம் ஆகியும் சூடு ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அடுப்பில் புதிதாக வாங்கியே ஆக வேண்டிய பொருள் அதுதான். கோழிக்குத் தடித்த இடத்தில் 74 டிகிரி வர வேண்டும். பன்றித் தோள்கறிக்கு 93 முதல் 95. நடுவே 65 முதல் 75 டிகிரிக்குள் சூடு மணிக்கணக்கில் நின்றுவிடும்; கறியிலிருந்து ஆவியாகும் ஈரம், நமக்கு வியர்வை செய்வதைப்போல, அதைக் குளிர்விக்கிறது. பயந்துபோய்த் துளைகளைத் திறக்க வேண்டாம். காத்திருங்கள், அல்லது அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். நம் வெள்ளாட்டுத் தொடையில் கொழுப்பு குறைவு என்பதால் அதைத் தொடக்கத்திலிருந்தே பாதி நேரம் சுற்றி வைப்பது நல்லது. மேட்டூர் அணை கட்லா என்றால் ஒன்றரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

இப்படி வேகவைத்த கறி உப்புக்கண்டம்போல மாதக்கணக்கில் தாங்காது. அன்றே தின்னுங்கள், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் அடுப்பைத் தாழ்வாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா? இரவில் அறைக்குள் இருந்தால் குளிருக்கும் இதமாக இருக்குமே.

தகரக் கூரை போட்டு நான்கு பக்கமும் திறந்திருக்கும் கொட்டகை என்றால் சரி. அறைக்குள் ஒருபோதும் வேண்டாம். தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை; கதவைச் சாத்திக்கொண்டு கரித்தணலோடு உறங்கியவர்கள் எழுந்திருப்பதில்லை. புகை நின்றுவிட்டது, தணல் நீறு பூத்துவிட்டது என்பதெல்லாம் கணக்கில் வராது. சமையல் முடிந்தவுடன் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு, அடுப்பை வெளியிலேயே விட்டு, மறுநாள் காலை சாம்பலை அள்ளிவிடுங்கள். மலைப்பனியில் நனைந்த சாம்பல் அடித்தகட்டை ஒரே மழைக்காலத்தில் அரித்துவிடும். மிஞ்சிய கரியை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாம்.