சங்கிலியில் பிறந்த சொல்லா?

அன்புள்ள அண்ணா,

பினாங்கு வந்திருந்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் படம் எடுத்து அங்குள்ள தமிழ் நண்பருக்கு அனுப்பினேன். 'கெலிங்' நம்மைத் திட்டும் சொல், வெள்ளைக்காரன் கொண்டுவந்த கைதிகளின் கால்சங்கிலி 'கிளிங் கிளிங்' என்று சத்தமிட்டதால் வந்தது என்றார். உண்மையா? பிறகு ஏன் பள்ளிவாசலுக்கு அந்தப் பெயர்?

- ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

சங்கிலிக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் காலம் ஒத்துவரவில்லை. ஆங்கிலேயர் இந்தியக் கைதிகளைப் பினாங்குக்குக் கொண்டுவரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். 11ஆம் நூற்றாண்டு ஜாவா சாசனங்களிலேயே 'கிளிங்' என்று இந்தப் பெயர் வந்துவிடுகிறது.

வேர் கலிங்கம், அதாவது ஒடிசா, வட ஆந்திரக் கடற்கரை. அந்தச் சாசனங்களில் வெளிநாட்டவர் பட்டியலில் கிளிங் வேறு, திராவிடர் வேறு. போகப்போகத் தென்னிந்தியர் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. மலாக்காவில் கெலிங் என்றால் பெரிய வியாபாரி. 1511இல் ஊரைப் பிடித்த போர்த்துகீசியர், நீனா சாத்து என்ற தமிழ் வணிகரைத்தான் பெண்டஹாரா என்ற உயர் அதிகாரி பதவியில் உட்கார வைத்தார்கள். நீங்கள் பார்த்த பள்ளிவாசலும் 1801இல் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர், அதாவது கப்பித்தான், காதர் முகைதீன் எழுப்பியது. அன்று அந்தப் பெயரில் இழிவு இல்லை.

அப்புறம் தோட்டங்கள் வந்தன. நம் ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறி வந்து, லயம் என்ற வரிசை வீடுகளில் அடைந்தார்கள். வேலையைப் பார்த்த இளப்பம் சொல்லில் ஏறிக்கொண்டது. சிங்கப்பூரில் கிளிங் தெரு 1920களில் சூலியா தெரு ஆனது, இந்தியர்கள் அந்தப் பெயரை எதிர்த்ததால்தான்.

ஐந்தாம் வகுப்பில், பந்து விளையாடும்போது ஒரு பையன் என்னை அப்படிக் கூப்பிட்டான். பொருள் தெரியாமலே எனக்கு முகம் எரிந்தது. அவன் கலிங்கத்தை நினைத்துச் சொல்லவில்லை. "பழைய பெயர்தானே, ஏன் கோபம்?" என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிப்பதே இல்லை. சொல் எங்கே பிறந்தது என்பது ஒன்று, இன்று எதற்காக வீசப்படுகிறது என்பது வேறு.

பள்ளிவாசலின் பெயர் அப்படியே இருக்கட்டும். அது நம் பெரியவர்கள் தலைநிமிர்ந்து வாழ்ந்த காலத்துப் பெயர். நண்பரிடம் சங்கிலிக் கதை தவறு என்று சொல்லுங்கள், சரி. ஆனால் "அப்படியென்றால் அது கெட்ட வார்த்தையே இல்லையே" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்