கக்கத்துத் துண்டு

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகத்துக்கு உடை, செட் என்று பாதிப் பணத்தைக் கேட்கிறார்கள். நல்ல நடிகனுக்கு ஒரு வேட்டியும் வெறும் மேடையும் போதாதா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போதும், அது எந்த வேட்டி என்று யாரும் கேட்காதவரைக்கும்.

வருகிற தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போய்விட்டு வாருங்கள். (1986-இல் தூத்துக்குடி மாவட்டமாகப் பிரிந்துபோனாலும் எனக்கு அது திருநெல்வேலிச் சீமைதான்.) போன மாதம்வரை லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி வேடம் கட்டியிருப்பார். நடிகர் என்று சொல்லிவிடாதீர்கள், நேர்த்திக்கடன், கோபித்துக்கொள்வார். சடைமுடி, அதன்மேல் கிரீடம், முதுகில் கூடுதல் கைகள். அத்தனையும் ஏறிவிட்டால் தலையை மட்டும் திருப்ப முடியாது, உடம்போடுதான் திரும்ப வேண்டும். காலை அகட்டி வைத்தால்தான் நிற்கவே முடியும். காளியின் நடையில் பாதி அந்தக் கனத்திலிருந்து வருவது.

வேட்டிக்கே வருவோம். உங்கள் பையன் அந்தக் காலத்துப் பண்ணையார் முன்னால் நிற்கும் கூலிக்காரன் என்று வையுங்கள். தோளில் துண்டோடு நிற்க முடியுமா? இடுப்பில் கட்ட வேண்டும், இல்லையென்றால் கக்கத்தில் இடுக்க வேண்டும். இடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கையை வீசிப் பேச வராது. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், தோள் தானே கூனும். "பணிவா நில்லுடா" என்று டைரக்டர் பத்துத் தடவை கத்தியும் வராதது வந்துவிடும்.

நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் ஆடும் கணியான் கூத்துக்கு செட் ஏது என்பீர்கள். இல்லைதான். ஆனால் அங்கேயும் சேலையும் சலங்கையும் கட்டிய பிறகுதானே ஆண் பெண்ணாக ஆடுகிறான்? நீங்கள் போடுவது வீட்டுக் கதையென்றால் ஒரு நிலைக்கதவாவது வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலை தாழ்வாக இருக்கும். வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தாமலே குனிந்து நுழைவார். புது மருமகன் நெற்றியில் இடித்துக்கொள்வான். அந்தக் குனிவு பழக ஒத்திகையிலேயே நிலை நிற்க வேண்டும். மூன்று சட்டத்தை ஆணியடித்து நிறுத்தினால் போதும், பெயின்ட்கூட வேண்டாம்.

ஆகவே பணத்தைக் கொடுங்கள். ஆனால் உடை பத்து நாள் முன்னாடியே வந்தாக வேண்டும், பையன்கள் அதிலேயே டீ குடிக்கட்டும், தரையில் உட்காரட்டும். ஒரு கல்லூரி நாடகம் பார்த்தேன். சாயங்காலம்தான் உடை வந்ததாம். பஞ்சத்தில் அடிபட்ட விவசாயி மடிப்புக் கலையாத புது வேட்டியில் வந்து அழுதார். ஓரத்தில் விலை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.