மருத்துவமனை ஐடி பொறுப்பாளருக்குச் சைபர் பாதுகாப்பில் பெரிய சவால் எது? எதிலிருந்து தொடங்குவது?

கேள்வியின் இரண்டு பாதிக்கும் என் பதில் ஒன்றுதான். கணினி எதுவுமே இல்லாமல் உங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு எத்தனை மணி நேரம் பாதுகாப்பாக ஓடும்? இதற்கு மணிக்கணக்கில் விடை சொல்லத் தெரிந்தால், அடுத்து எதற்குச் செலவு செய்வது என்பது தானாகத் தெளிவாகும். நோயாளித் தகவல் கசிவது பெரிய தீங்குதான். ஆனால் ஒவ்வாமை விவரம் திரையில் வராத இரவில், தீங்கு சில நிமிடங்களிலேயே நேர்ந்துவிடும்.

அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையான எச்எஸ்இ-யில் 2021-இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 18 அன்று மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பு ஒரு கணினியில் திறக்கப்பட்டது. மார்ச் 31 அன்று அதே கணினியில் கோபால்ட் ஸ்ட்ரைக், மிமிகேட்ஸ் என்ற தாக்குதல் கருவிகளை ஆன்டிவைரஸ் கண்டுகொண்டது. ஆனால் அது கண்காணிப்பு நிலையில் மட்டும் இருந்ததால் எதையும் தடுக்கவில்லை. மே 14 அதிகாலை கோன்டி என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) சர்வர்களைப் பூட்டியது. மே 20 அன்றே பூட்டைத் திறக்கும் சாவி பணம் கொடுக்காமல் கிடைத்துவிட்டது. அப்படியும் எல்லா சர்வர்களையும் திறந்து முடிக்க செப்டம்பர் 21 ஆகிவிட்டது. பணம் கொடுத்தால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நிர்வாகத்திடம் இந்தத் தேதிகளை மட்டும் காட்டினால் போதும்.

இனி, மருத்துவமனைக்கே உரிய சிக்கல். சி.டி. ஸ்கேன், எம்ஆர்ஐ கருவிகள் 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். அவற்றின் கன்சோலில் (கருவியை இயக்கும் கணினியில்) உள்ள விண்டோஸ் அவ்வளவு காலம் தாங்காது. விண்டோஸ் 7-க்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. நாமாகப் பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) போடவும் முடியாது. தயாரிப்பாளர் சோதித்து ஒப்புதல் தராமல் கைவைத்தால் கருவியின் சான்றும் பராமரிப்பு ஒப்பந்தமும் கேள்விக்குள்ளாகும். ஆகவே கருவி பலவீனமாகவே இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, அதைச் சுற்றி வேலி போட வேண்டும்.

ஒரு சி.டி. கன்சோலுக்கு உண்மையில் தேவைப்படும் தொடர்புகள் மிகக் குறைவு. படங்களை அனுப்ப, அவற்றைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வரில் டைகாம் என்ற மருத்துவப் பட முறைக்கான போர்ட், அதாவது எண்ணிட்ட இணைப்பு வழி (பெரும்பாலும் 104 அல்லது 11112), நோயாளிப் பட்டியலை எடுக்க ஒர்க்லிஸ்ட் சர்வர், நேரம் சரிபார்க்க ஒரு சர்வர், தயாரிப்பாளரின் பராமரிப்பு வழி. மற்ற எல்லாவற்றையும் மூடலாம். குறிப்பாக 445 (கோப்புப் பகிர்வு), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) போர்ட்கள் இரு திசையிலும், இணையமும் அடியோடு. 2017 மே 12-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது 445 வழியாகத்தான். அதற்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இங்கிலாந்தின் 236 என்எச்எஸ் (பொதுச் சுகாதாரச் சேவை) டிரஸ்ட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. பேட்ச் போட முடியாத இடத்தில் போர்ட்டை மூடியிருந்தாலே பெரும்பகுதி தப்பியிருக்கும்.

வேலி போடும்போது இடறும் இடங்கள் உண்டு. முதலில் நெட்வொர்க் ஸ்விட்சில், கடந்துபோகும் தகவலின் நகலைத் தரும் மிரர் போர்ட் அமைத்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைக் குறைந்தது நான்கு வாரம் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். இரண்டு வாரம் போதாது. மாதக்கடைசியில் போகும் கதிர்வீச்சு அளவு அறிக்கையும், ஃபிலிம் பிரின்டருக்கு எப்போதாவது போகும் படமும் அதற்குள் தென்படாமல் போகலாம். நோயாளியோடு இணைந்திருக்கும் இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்தேற்றும் கருவி), மானிட்டர் ஆகியவற்றின் மீது நெட்வொர்க்கைத் துழாவும் ஸ்கேனர் மென்பொருளை ஏவவே கூடாது. எதிர்பாராத பாக்கெட் வந்தால் உறைந்துபோகும் கருவிகள் இருக்கின்றன. அடுத்து, எந்தத் தொடர்பை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகளை எழுதி முதலில் பதிவு மட்டும் செய்யும் நிலையில் ஓடவிடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு கருவி வகையை மட்டும், பயோமெடிக்கல் பொறியாளர் பக்கத்தில் இருக்கும்போது தடுப்பு நிலைக்கு மாற்றுங்கள்.

பல திட்டங்கள் நின்றுபோவது ஐ.பி. முகவரியில்தான். டைகாம் அமைப்புகளில் கருவியின் முகவரி, பேக்ஸின் முகவரி, ஏஇ டைட்டில் (டைகாமில் பயன்படும் பெயர்) மூன்றும் இருபுறமும் கையால் பதிந்தவையாக இருக்கும். தனி வி-லேனுக்கு (நெட்வொர்க்கின் பிரித்த பகுதிக்கு) மாற்றினால் முகவரி மாறும். முகவரி மாறினால் தயாரிப்பாளரின் பொறியாளர் வந்தாக வேண்டும். முகவரியைத் தொடாமல் கருவிக்கு முன்னால் டிரான்ஸ்பரன்ட் முறையில் ஒரு சிறிய ஃபயர்வாலை வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. எண்ணிக்கை கூடினால் பராமரிப்பு கடினமாகும் என்பது உண்மை. ஆனாலும் பழைய பத்து கருவிகளை இன்றே காப்பாற்ற இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. லேப் முடிவுகளைச் சுமந்துவரும் எச்எல்7 செய்திகளுக்கும் இதே கவனம் வேண்டும். பழைய பதிப்பில் குறியாக்கமோ அனுப்புநர் சரிபார்ப்போ தானாகக் கிடையாது. அந்தச் செய்திகள் வரும் போர்ட்டை, மென்பொருள்களுக்கிடையே செய்தி கடத்தும் இன்டர்ஃபேஸ் சர்வர் ஒன்றுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் ஊழியர்களைத் திட்டிப் பயனில்லை. ஒரே ஷிஃப்டில் பல முறை லாகின் செய்யும் நர்ஸ், பொதுவான ஒரு லாகினை நாள் முழுக்கத் திறந்துவைப்பது நீங்கள் தந்த அமைப்பின் விளைவு. அட்டையைத் தொட்டால் திறக்கும் முறை இதைத் தீர்க்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து முறை தவறினால் கணக்கைப் பூட்டும் விதியை வைக்காதீர்கள். அவசரக் கணக்கு ஒன்றை வைத்து, அது பயன்படும் ஒவ்வொரு முறையும் மறுநாள் ஒருவர் காரணம் கேட்கட்டும். உள்ளே இவ்வளவு நெகிழலாம், ஆனால் வெளியிலிருந்து வரும் வாசலில் விலக்கே கூடாது. இயக்குநர் கேட்டாலும், மூத்த சர்ஜன் கேட்டாலும், பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உண்டு. அமெரிக்காவில் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் 2024 பிப்ரவரியில் முடங்கியது, அந்தச் சரிபார்ப்பு இல்லாத ஒரே ஒரு ரிமோட் வாசலில் திருட்டு லாகின் நுழைந்ததால். நுழைந்து ஒன்பது நாள் கழித்து ரான்சம்வேர் ஓடியது. 2.2 கோடி டாலர் கொடுத்த பிறகும் திருடப்பட்ட தகவல் பத்திரமாகவில்லை.

கருவித் தயாரிப்பாளரின் ரிமோட் இணைப்பும் இதே வாசல்தான். எப்போதும் திறந்திருக்கும் வி.பி.என்., கன்சோலில் யாரோ போட்டுவிட்டுப்போன எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருள், எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்ட் ஆகிய மூன்றையும் தேடுங்கள். கோரிக்கை வந்தால் இரண்டு மணி நேரம் திறந்து, தானே மூடிக்கொள்ளும், இடையில் நிற்கும் ஜம்ப் சர்வர் ஒன்று போதும்.

பேக்கப் எங்களிடம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பேக்கப் சர்வர் அதே ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் (எல்லா லாகினையும் ஆளும் அமைப்பில்) இருக்கிறதா? இருந்தால் டொமைன் அட்மின் கணக்கைப் பிடித்தவன் பேக்கப்பை முதலில் அழிப்பான். அதை டொமைனுக்கு வெளியே, தனிக் கணக்கோடு, அழிக்க முடியாத சேமிப்பில் வையுங்கள். ஒரு நகல் கேபிளே இல்லாத இடத்தில் இருக்கட்டும். எத்தனை நாள் பழைய நகல் இருக்கிறது? எச்எஸ்இ-யில் தாக்கியவர்கள் எட்டு வாரம் உள்ளே இருந்தார்கள். 14 நாள் பேக்கப்பில் அத்தனை நகலிலும் அவர்களும் இருந்திருப்பார்கள். மூன்றாவது, மீட்க எவ்வளவு நேரம்? 100 டெராபைட் படங்களை 1 ஜிகாபிட் இணைப்பில் முழு வேகத்தில் இழுத்தாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். 10 ஜிகாபிட்டில் ஏறத்தாழ ஒரு நாள். அதனால் கடைசி 90 நாள் படங்களை முதலில் கொண்டுவரும்படி பேக்கப்பைப் பிரித்துவையுங்கள்.

மீட்கும் வரிசையையும் தாளில் எழுதி வைக்க வேண்டும். முதலில் ஆக்டிவ் டைரக்டரியும் கணினிப் பெயர்களை ஐ.பி. முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும், பிறகு இன்டர்ஃபேஸ் சர்வர், நோயாளிப் பதிவேடு, லேப், பார்மசி, பேக்ஸ், பில்லிங் கடைசியில். டைரக்டரியை மீட்டதும், லாகின் டிக்கெட்டுகளைப் பூட்டும் சாவியை வைத்திருக்கும் கேஆர்பிடிஜிடி கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றுங்கள். ஒரு முறை மட்டும் மாற்றினால் பழைய சாவியும் செல்லுபடியாகும். இரண்டுக்கும் இடையே டிக்கெட் ஆயுளான 10 மணி நேரமாவது விடுங்கள்.

இரவு மூன்று மணிக்கு இணைய இணைப்பைத் துண்டிக்க யாருக்கு அதிகாரம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். டியூட்டியில் இருக்கும் பொறியாளர், யாரையும் எழுப்பிக் கேட்காமல் துண்டிக்கலாம் என்று நிர்வாகம் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் தயங்குவார். தயங்கும் நேரத்தில் இன்னும் பல சர்வர்கள் போய்விடும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை வார்டில் இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு தனிக் கணினி வேண்டும். 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, கடைசி லேப் முடிவுகள் அதில் குறியாக்கத்தோடு நகலாக வேண்டும். அவசர மின்சார இணைப்பும், யூஎஸ்பி-யில் நேராகச் செருகிய பிரின்டரும், டொமைனை நம்பாத லாகினும் அதற்குத் தேவை. அதன் பிட்லாக்கர் (டிஸ்க் குறியாக்க) சாவி காகிதத்தில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். 2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு பிழையான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. கணினியைச் சரிசெய்யக் கேட்ட அந்தச் சாவி பல இடங்களில் விழுந்துபோன சர்வரிலேயே இருந்தது. தற்காலிக நோயாளி எண்களையும் முன்கூட்டியே அச்சிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே நோயாளிக்கு இரண்டு எண் விழுந்து, பிறகு இணைக்கும்போது வேறொருவரின் ரத்தப் பரிசோதனை இவர் கோப்பில் ஏறும்.

முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு வார்டில் மட்டும், இரவு ஷிஃப்டில் நான்கு மணி நேரம் நெட்வொர்க்கை நிறுத்திப் பாருங்கள். பிரின்டர் டிரைவர் பிரின்ட் சர்வரில் இருந்தது, ஐ.பி. ஃபோனும் கூடவே செத்தது, ரத்த வங்கியின் எண் யாருக்கும் மனப்பாடம் இல்லை என்பதெல்லாம் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.